ரோமானியக் குளியல் கூடத்தின் தரை எப்படிச் சூடானது?

இத்தாலியின் பண்டைய பொம்பெயி நகரின் ஸ்டேபியன் குளியல் கூடத்தில் ஓரிடத்தில் தரை உடைந்து கிடக்கிறது. அதன் கீழே வரிசை வரிசையாகக் குட்டைச் செங்கல் தூண்கள் தெரிகின்றன. ரோமானியர்கள் இந்த அமைப்பை ஹைப்போகாஸ்ட் என்றார்கள். அறைக்குள் அடுப்பே இல்லை. வெளிப்பக்கம் எரியும் விறகின் சூடான புகை தரைக்கடியில் ஓடி, சுவருக்குள் ஏறி, மேலே வெளியேறும்.

கட்டும் முறையைப் பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்தார். தூணுக்கு வேண்டியது ஏறத்தாழ 20 செ.மீ. சதுரச் செங்கல்; உயரம் 2 ரோமன் அடி, அதாவது 59 செ.மீ. தூண்களின் தலையில் 2 அடிச் சதுர ஓடுகளைப் பரப்ப வேண்டும். ஓட்டின் நான்கு மூலைகளும் நான்கு தூண்களில் உட்காரும்படி தூண்களின் இடைவெளி அமையும். செங்கற்களை ஒட்டுவதற்கு முடி கலந்து பிசைந்த களிமண்ணைச் சொல்கிறார். சுண்ணாம்புக் காரை கடுந்தீயில் நொறுங்கும், களிமண்ணோ வேக வேக இறுகும். அது காயும்போது வெடித்துவிடாமல் முடி பிடித்துக்கொள்ளும்.

அடித்தளம் உலைவாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஒரு பந்தை உள்ளே எறிந்தால் அது எங்கும் நிற்காமல் உலைவாய்க்கே உருண்டு வரவேண்டும் என்பது அவர் சொல்லும் சோதனை. சூடான காற்று மேல்நோக்கியே போகும் என்பதால், சரிவில் ஏறும் தழல் அறையின் கோடிவரை தானாகப் பரவும்.

ஓடுகளின் மேல் சுண்ணாம்பும் இடித்த ஓடும் கலந்த காரை, நம் பழைய கட்டடங்களின் சுர்க்கியைப் போன்றது, கனமாகப் போடப்படும். அதற்கும் மேலே பளிங்கு அல்லது மொசைக். இந்தக் கனம்தான் இந்த அமைப்பின் உயிர். சூடேற நெடுநேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் தீ தணிந்த பிறகும் வெப்பத்தை விடாது. ஆகவே பெருந்தீ மூட்டி அணைப்பதைவிட, சிறு தீயை விடாமல் எரிப்பதே சரியான வழி. திடீர்ப் பெருந்தீயில் உலையை ஒட்டிய தூண்கள்தான் முதலில் விரிசல் காணும். தரையில் வெடிப்பு விழுந்தால் ஆபத்து அதைவிடப் பெரிது: புகையோடு கார்பன் மோனாக்சைடு குளிப்பவர்கள் இருக்கும் அறைக்குள் கசியும்.

என் கணிப்பில், தரையைவிடச் சுவர்தான் பெரிய கண்டுபிடிப்பு. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் உள்ளே பொள்ளலான சுட்ட மண் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரெங்கும் புகைப்பாதை அமைக்கத் தொடங்கினார்கள். புகைக்கு இழுவை கிடைத்தது. சுவரே சூடாக இருந்ததால், நீராவி அதில் படிந்து ஒழுகுவதும் குறைந்தது. நான்கு பக்கமிருந்தும் வெப்பம் உடலில் நேராகப் பட்டது. மேற்கூரையில் மட்டும் ஈரம் குளிர்ந்து சொட்டும். அதற்கும் பொம்பெயியின் ஃபோரம் குளியல் கூடத்தில் ஒரு வழி இருக்கிறது. வளைகூரை நெடுக வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். நீர் தலைமேல் விழாமல் அவற்றின் வழியே பக்கச் சுவருக்கு வழியும்.

தண்ணீருக்கும் அதே உலைதான். விட்ருவியஸ் மூன்று வெண்கல அண்டாக்களைச் சொல்கிறார்: வெந்நீர், வெதுவெதுப்பான நீர், குளிர்ந்த நீர். வெந்நீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நடு அண்டாவிலிருந்து இறங்கும். நடு அண்டாவைக் குளிர்ந்த நீர் நிரப்பும். பாதி சூடான நீரே உள்ளே வருவதால் விறகு மிச்சம். தொட்டியில் இறங்கிய வெந்நீர் ஆறாதிருக்க, அதன் பக்கத்தில் அரை உருளை வடிவ வெண்கலக் கலம் ஒன்றை உலைக்கு நேர் மேலே பதித்தார்கள். அதன் அடி தொட்டியின் அடியைவிடத் தாழ்வாக இருக்கும். ஆறிய நீர் கனத்தால் அதற்குள் இறங்கும், சூடேறியது மேலெழுந்து தொட்டிக்குத் திரும்பும். பம்பு எதுவும் தேவைப்படவில்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், தழல் நேரே படும் இந்த இடத்துக்கு அது உதவாது, வெண்கலம்தான் தாங்கும்.