மிருகம்னா விலங்கா, மானா?

மிருகசீரிடம் நட்சத்திரத்துக்கு அர்த்தம் கேட்டா மான் தலைன்னு சொல்வாங்க. மிருகக்காட்சி சாலைல பாத்தா சிங்கம், புலி, கரடின்னு எல்லாமே இருக்கு. ரெண்டுலயும் இருக்கறது ம்ருகங்கற ஒரே சமஸ்கிருத வார்த்தைதான், அப்ப எது ஒரிஜினல் அர்த்தம்?

பழசு நாம இன்னைக்கும் தமிழ்ல சொல்றதுதான், அதாவது காட்டு விலங்கு. ரிக்வேதத்துல விஷ்ணுவை மலையில திரியற பயங்கரமான ம்ருகம் மாதிரின்னு புகழ்றாங்க, பயங்கரமான மான்னு ஒருத்தர் பாடியிருப்பாரா என்ன! யானைக்கு அதே வேதத்துல ம்ருக ஹஸ்தின்னு வருது, ஹஸ்தம்னா கை, அதாவது கை இருக்கற மிருகம், தும்பிக்கையைப் பாத்து வச்ச பேரு, பின்னாடி ஹஸ்தின்னாலே யானைன்னு நின்னுடுச்சு. குரங்கு சாகாமிருகம், சாகான்னா கிளை. சிங்கம் மிருகேந்திரன், மிருகங்களுக்கு ராஜா.

அப்புறம் எப்படி மானுக்குச் சுருங்குச்சுன்னா, வேட்டைதான் காரணமா இருக்கணும்னு தோணுது. மிருகயான்னா வேட்டை, மார்க்கம்ங்கற வார்த்தையும் இதே குடும்பம்தான், காட்டு விலங்கு நடந்துபோன தடம்தான் முதல்ல மார்க்கம், நாம இப்ப பஸ் ரூட்டுக்கு சொல்றோம். வேட்டைக்குப் போறவனுக்கு அடிக்கடி கிடைக்கறது மான்தான்கறப்போ பொதுப்பேரு மெல்ல அது மேலயே ஒட்டிக்கும்.

இது இங்க மட்டும் நடந்த கூத்து இல்ல. இங்கிலீஷ்ல மானுக்கு இருக்கற டீர், ஆயிரம் வருஷம் முன்னாடி எல்லா விலங்குக்கும் பொதுப்பேரு, அதோட ஜெர்மன் பங்காளி வார்த்தைக்கு இன்னிக்கும் விலங்குன்னுதான் அர்த்தம். இரான் பக்கம் வேற ரூட்டு, ம்ருகத்தோட அவெஸ்தா மொழி உறவுக்கார வார்த்தைக்கு பறவைன்னு அர்த்தம், அது பாரசீகத்துல முர்க் ஆகி, அங்கேர்ந்து இந்திக்கு வந்து கோழி ஆயிடுச்சு. ஆக மெனு கார்டுல இருக்கற முர்க்கும் நம்ம மிருகமும் சொந்தக்காரங்க.

கன்னடம், மலையாளம் ரெண்டுலயும் தமிழ் மாதிரியே விலங்குங்கற அர்த்தம் நிக்குது, இந்தில ம்ருக்னா மான். அதனால கோவத்துல 'மிருகம் மாதிரி நடந்துக்காதே'ன்னு சொல்றதை வார்த்தைக்கு வார்த்தை இந்தில மாத்தினீங்கன்னா, மான் மாதிரி நடந்துக்காதேன்னு ஆயிடும்.