முன்பற்கள் முட்டவில்லையா? கம்பியும் ஒப்பரேஷனும் அரச ஆஸ்பத்திரியில் இலவசம்

கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் முட்டாமல் இடைவெளி விட்டு நிற்பதைத் திறந்த கடி என்கிறார்கள். ரோல்ஸையோ பாணையோ முன்பல்லால் கடித்து எடுக்க வராது. சிலருக்கு 'ஸ' ஒலியும் பிசகும். கோளாறு பல்லில் மட்டும் என்றால் கம்பி கட்டினாலே போதும். தாடை எலும்பே அப்படி வளர்ந்திருந்தால் கம்பியோடு சத்திரசிகிச்சையும் வேண்டும்.

இரண்டுக்கும் அரச வைத்தியசாலையில் சிகிச்சைக் கட்டணம் இல்லை. இலங்கை அரசின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி என்று பக்கத்திலுள்ள ஆதார வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். 13 வயது வரையான பாடசாலைப் பிள்ளையென்றால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலேயே தொடங்கலாம். அங்கே தரும் பரிந்துரைத் துண்டோடு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு (போதனா வைத்தியசாலை) போக வேண்டும். காத்திருப்பு இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

காசு மிச்சம், ஆனால் காலம் போகும். வளர்ச்சி முடியும் வரை தாடையில் கை வைக்கமாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 16, 17 வயது, ஆண்பிள்ளைகளுக்கு 18 தாண்ட வேண்டும். அப்புறம் சுமார் ஒன்று, ஒன்றரை வருடம் கம்பி. இந்தக் காலத்தில் பார்வைக்கு இடைவெளி கூடியதுபோலத் தெரியலாம், பயப்பட வேண்டாம். எலும்பை நகர்த்தும்போது பற்கள் சரியாகப் பொருந்த வேண்டும் என்றுதான் அப்படி அடுக்குகிறார்கள். பிறகு முழு மயக்கத்தில் சத்திரசிகிச்சை. பெரும்பாலும் மேல்தாடையின் பின்பகுதியை உயர்த்தி டைட்டானியம் தகட்டால் பொருத்துவார்கள். கீழ்த்தாடை தானாக மேலே சுழன்று மூடும். அதன் பின்னும் சில மாதம் கம்பி இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அவசரப்பட்டுத் தனியாரிடம் கம்பி கட்டிவிட்டு, சரிவராவிட்டால் ஒப்பரேஷனுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எலும்புக் குறையை மறைக்கப் பல்லை இழுப்பதும் ஒப்பரேஷனுக்காகப் பல்லை அடுக்குவதும் பல நேரம் எதிரெதிர்த் திசை. கட்டியதைத் திருப்பி எடுக்க இன்னும் மாதங்கள் போகும். முதல் கம்பி ஏறுவதற்கு முன்பே பற்சீரமைப்பு நிபுணரும் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து பார்த்துத் திட்டம் போட வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு உதடு மரத்துப்போவது, இடைவெளி மீண்டும் திறப்பது போன்ற சிக்கல்கள் பற்றியும் அப்போதே கேளுங்கள். நாக்கை முன்னே தள்ளும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு சில வாரம் கஞ்சி, கூழ், குழைந்த சோறுதான். வேலைக்குப் போகிறவர்கள் வார்டை விட்டு வரும்போதே லீவுக்கான மெடிக்கலை வாங்கிக்கொள்ளுங்கள்.