ஒரு வாளித் தண்ணீரை இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும்?

துணி அலச வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு முக்கி எடுப்பதுதான் பலருடைய பழக்கம். அதே தண்ணீரை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை அலசிப் பாருங்கள், துணி இன்னும் சுத்தமாக வரும்.

கணக்கு எளிமையானதுதான். சோப்பு போட்டுப் பிழிந்த பிறகும் துணிகளில் 1 லிட்டர் சோப்புத் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 8 லிட்டர் நல்ல தண்ணீரில் அலசினால் மொத்தம் 9 லிட்டர், சோப்பு அதில் சமமாகக் கலந்துவிடும், திரும்பப் பிழிந்து எடுக்கும்போது 1 லிட்டர் துணியோடு வந்துவிடுவதால் ஒன்பதில் ஒரு பங்கு சோப்பு மிச்சம். இப்போது அதே 8 லிட்டரை நாலு, நாலாகப் பிரியுங்கள். முதல் அலசலில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும், இரண்டாவதில் அந்த மிச்சத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது மொத்தத்தில் இருபத்தைந்தில் ஒன்று!

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். 8 லிட்டரில் ஒரே தடவை அலசினால் கிடைக்கும் சுத்தம் போதும் என்றால், 2 லிட்டர் வீதம் இரண்டு முறை அலசினாலே அது கிடைத்துவிடும். மூன்றில் ஒன்று, அதில் மூன்றில் ஒன்று, ஆக ஒன்பதில் ஒன்று. பாதித் தண்ணீர் மிச்சம்.

இதில் உண்மையான வேலையைச் செய்வது பிழிவதுதான், அதைத்தான் நாம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். இறுக்கிப் பிழிந்து அரை லிட்டர் மட்டும் தங்கும்படி செய்தால், 4 லிட்டரில் ஒரே அலசலிலேயே ஒன்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். வாஷிங் மெஷின் ஒவ்வொரு அலசலுக்கும் நடுவில் துணியை வேகமாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவதும் இதற்காகத்தான். ஆனால் சோப்பு நூலுக்குள்ளிருந்து வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் போட்டவுடன் எடுக்காமல் இரண்டு நிமிடம் ஊறவிட்டு அப்புறம் பிழியுங்கள்.

பாத்திரத்துக்கும் இதே கதைதான். குழாயைத் திறந்துவிட்டு அலசும்போது நிமிடத்துக்கு 6 லிட்டருக்கு மேல்கூடப் போய்விடும், அதில் பெரும்பகுதி சோப்போடு கலக்காமல் மேலாக வழிந்து ஓடிவிடுகிறது. கொஞ்சமாக ஊற்றி, சுழற்றி, ஒரு சொட்டுகூடத் தங்காமல் கவிழ்த்துவிட்டு மறுபடி கொஞ்சம் ஊற்றினால் போதும். சோப்பையே குறைத்துப் போட்டால் அலசும் வேலையும் குறையும், நுரை அதிகமாக வந்தால் அழுக்கு அதிகமாகப் போகும் என்பது வெறும் நம்பிக்கை.

சரி, கடைசியாக அலசிய தண்ணீரைப் பாருங்கள், கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் அடுத்த தொகுதித் துணிக்கு முதல் அலசலாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைய சோப்போடு இருக்கும் துணிக்குப் பழைய தண்ணீர், ஏறக்குறைய சுத்தமாகிவிட்ட துணிக்குப் புதுத் தண்ணீர், இதுதான் முறை. உலோகப் பொருட்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலைகளில் இப்படித்தான் தொட்டிகளை வரிசையாக வைத்து, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் நகரும்படி அலசுகிறார்கள். வீட்டில் அதற்கு இரண்டு வாளி போதும்.