டெல்டாவுக்குப் பியானோ ட்யூன் செய்யக் கிளம்பும் பை

காவிரி டெல்டாவில் பியானோக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. தஞ்சாவூரில் ஏதோ ஒரு பள்ளியில் ஒன்று, கடலோரத் தேவாலயத்தில் ஒன்று, கும்பகோணத்தில் பழைய வீட்டுக் கூடத்தில் ஒன்று என்று இருக்கும். பஸ் பிடித்துப் போய் இறங்கியபின் ஒரு சாமான் குறைந்தால் வாங்கக் கடை கிடையாது. எதை எடுத்துப் போவது என்பதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிட வேண்டும். அதுவும் இந்தப் பக்கத்துக் காற்றை மனதில் வைத்து.

முதலில் பைக்குள் போவது ட்யூனிங் லீவர், அதாவது கம்பி சுற்றிய முளைகளைத் திருப்பும் நீளக் கைப்பிடி. பியானோவில் கட்டைகள் 88தான், கம்பிகளோ சுமார் 230. நடுவிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி, கீழே இரண்டு, அடிக்கோடியில் ஒன்று. ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 70, 80 கிலோ இழுவிசையில் நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் 18 டன் பக்கம் வரும். இவ்வளவையும் தாங்குவது, கெட்டியான மரப்பலகையில் அடித்து இறக்கிய 7 மி.மீ. கனமுள்ள எஃகு முளைகள். பசை கிடையாது. மரத்தின் பிடி மட்டும்தான்.

லீவர் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். முளையை ஒரு டிகிரி திருப்பினால் கம்பி 0.06 மி.மீ. நகரும். 60 செ.மீ. நீளமுள்ள கம்பிக்கு இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீட்சி. எஃகு விறைப்பானது என்பதால் இதற்கே இழுவிசை சுமார் 2 சதவீதமும் அதிர்வெண் 1 சதவீதமும் ஏறிவிடும். அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் இது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. நல்ல காதுக்கு இதில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் தெரியும். ஆக, கை ஒரு டிகிரியில் சிறு துளியை அளந்து திருப்ப வேண்டும். லீவரின் வாய் முளையில் ஆடாமல் உட்காரவில்லை என்றால் இது நடக்காது. அதனால் அதைத் தனியாகத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

அப்புறம், கம்பிகளின் வாயை அடைக்க ஒரு நீள ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) பட்டையும் சில ரப்பர் ஆப்புகளும். மூன்று கம்பியும் ஒன்றாக ஒலித்தால் எது பிசகியிருக்கிறது என்று பிடிக்க முடியாது. இரண்டை அடைத்து ஒன்றைச் சரிசெய்து, அடுத்ததைத் திறந்துவிட்டுக் கேட்க வேண்டும். ஒன்று 440, மற்றொன்று 442 ஹெர்ட்ஸ் என்றால் ஒலி விநாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். பள்ளிப் பாடத்தில் படித்த விம்மல் இதுதான். முளையைத் திருப்பத் திருப்ப அந்த ஏற்றஇறக்கம் நிதானமாகி, நீண்டு, ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும்.

சுதிக்கு அளவாக வைக்கும் 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வெயிலில் காயவிடாதீர்கள். எஃகுக் கவை 10 டிகிரி சூடேறினால் 440-லிருந்து சுமார் அரை ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் பஸ் ஜன்னலோரம் வைத்த பைக்கு அந்தச் சூடு சாதாரணம். செல்போன் ஆப் இருக்கிறதே என்றால், சரி, இருக்கட்டும். ஆனால் சாதாரண ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் பியானோ உயிரில்லாமல் ஒலிக்கும். கம்பியின் விறைப்பால் அதன் மேல் சுரங்கள் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே எழும். அதற்கு ஏற்ப மேல் ஸ்தாயியைச் சற்று ஏற்றியும் கீழ் ஸ்தாயியைச் சற்று இறக்கியும் வைக்க வேண்டும். எவ்வளவு என்பது பியானோவுக்குப் பியானோ மாறும்.

இனி டெல்டாவுக்கென்றே எடுத்துப் போகும் சாமான்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கம்பளி ஃபெல்ட் ஊதிப்போய், அமுக்கிய கட்டை எழும்பாது. ஃபெல்ட்டை மெல்ல அமுக்கி இடம் கொடுக்க அதற்கென்றே ஒரு குறடு உண்டு. கம்பியைத் தட்டும் சுத்தியல் ஆடும் அச்சு இறுகிப் போனால், 1.3 மி.மீ. கனமுள்ள அந்தப் பின்னை எடுத்துவிட்டுத் துளையைக் கொஞ்சம் தேய்த்து வேறு பின் போட வேண்டும். இதற்காகப் பின்கள் பல அளவில் ஒரு டப்பாவில் இருக்கட்டும். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடித்துவிட்டு நம்மைக் கூப்பிடும் வீடுகள் உண்டு. எண்ணெய் ஃபெல்ட்டில் ஊறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். முளை நிற்கும் பலகையில் இறங்கினால் மரத்தின் பிடியே போய்விடும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் போனால் உப்புக்காற்று. துருவேறிய கம்பியைத் திடீரென்று ஏற்றினால் அறுந்துவிடும். முதலில் இம்மியளவு இறக்கித் துருப்பிடியை விடுவித்து, அப்புறம் ஏற்றுவதே நல்லது. மாற்றுக் கம்பி நாலைந்து கனத்தில் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு சுற்றிய கீழ்க்கம்பி கையில் கிடைக்காது. அது சுற்றில்லாத பகுதியில் அறுந்திருந்தால் எஃகுக் கம்பியை முடிச்சுப் போட்டு இணைத்துவிடலாம். அறுவடைக் காலத்தில் எலி வீட்டுக்குள் வரும். கட்டைகளுக்கு அடியில் கூடு கட்டியிருந்தால் கூட்டித் தள்ள ஒரு பிரஷும் கையுறையும் தேவை.

கிறிஸ்துமஸுக்காக எல்லோரும் டிசம்பர் முதல் வாரத்தில்தான் கூப்பிடுவார்கள். அப்போது, கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை ஈரம் குடித்து மேலே புடைத்துக் கம்பிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும். நடு ஸ்தாயியின் சுதி 440-ஐத் தாண்டியிருக்கும். கூட வாசிக்க வேறு வாத்தியம் இல்லையென்றால் 441 அல்லது 442-இலேயே விடுவது என் வழக்கம். பங்குனியில் காற்று உலரும்போது அது தானாகவே இறங்கும்.