சத்தம் போடாத தோட்டாவுக்கு வேகம் ஏன் குறைவு?

1973இல் வந்த ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் வசனமே கிடையாது. பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ‘ஜக்கால்’, ஒரு தர்பூசணியை வலைப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிடுகிறான். தள்ளிப் போய் உட்கார்ந்து சுடுகிறான். தோட்டா நினைத்த இடத்தில் படவில்லை. ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் பூட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கி) இருக்கும் திருகை லேசாகத் திருப்பிவிட்டு மறுபடி சுடுகிறான். துப்பாக்கி பற்றி சினிமாவில் நான் பார்த்த காட்சிகளில் இவ்வளவு நேர்மையானவை மிகக் குறைவு.

ஸ்கோப் வழியாகக் கண் பார்ப்பது நேர்கோடு. தோட்டா போவதோ வளைவில். குழலை விட்டு வெளியே வந்த கணத்திலேயே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கோடும் இந்த வளைவும் குறிப்பிட்ட ஒரு தூரத்தில் சந்திக்கும்படி சரிசெய்வதுதான் அந்தத் திருகல். படத்தில் அவன் சொல்லும் தூரம் அதிகபட்சம் 400 அடி, அதாவது 120 மீட்டர் சொச்சம். அங்கே கோணம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே தோட்டா 21 சென்டிமீட்டர் விலகிவிடும். மனிதத் தலையின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர்தான்.

இவ்வளவு துல்லியம் அவனுக்கு ஏன் தேவை என்பதற்கு, படம் தொடங்கும் நிஜச் சம்பவமே பதில். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை ஒட்டிய பெத்தி கிளமாரில் டி கோலின் சிட்ரோயன் காரை ஒரு கூட்டம் மறித்துச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. காரில் பட்டவை 14. டி கோலுக்கும் அவர் மனைவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. திட்டம் போட்ட பஸ்தியான் தீரி ஏவுகணை வடிவமைத்த பொறியாளர். அவராலேயே ஓடும் காரையும் மங்கிய மாலை வெளிச்சத்தையும் வெல்ல முடியவில்லை.

படத்தில் எனக்கு உறுத்துவது அடுத்து வருவது. குறி சரிபார்த்த துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி, பிறகு ஊன்றுகோலுக்குள் ஒளித்து, கடைசி நாளில் மறுபடி பூட்டுகிறான். குழலும் ஸ்கோப்பும் மயிரிழை மாறாமல் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும். நல்ல கைவினைஞர் செய்த துப்பாக்கி என்றால் முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பூட்டிய பிறகு இன்னொரு முறை சுட்டுப் பார்க்காமல் அதை நம்புவது பெரிய துணிச்சல்.

சரி, அந்தத் துப்பாக்கியின் குழல் வாயில் மாட்டியிருக்கும் சைலன்சருக்கு வருவோம். துப்பாக்கிச் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, தோட்டாவுக்குப் பின்னால் குழல் வாயிலிருந்து பீறிட்டு வரும் சூடான வாயு. சைலன்சரின் உள்ளே இருக்கும் தடுப்பறைகள் அந்த வாயுவைச் சுழலவிட்டு, ஆறவிட்டு, மெதுவாக வெளியே விடுகின்றன. ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் பைக் புகைக்குழாயையும் சைலன்சர் என்றே சொல்கிறோம்; மிகப் பொருத்தமான பெயர், ஏனென்றால் இரண்டும் செய்வது ஒரே வேலைதான்.

இரண்டாவது சத்தம் தோட்டாவுடையது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதைத் தாண்டிப் பறக்கும் எதுவும் காற்றை அடித்துக் கிழித்து ‘டப்’ என்று வெடிக்கும். சாட்டையைச் சொடுக்கும்போது கேட்பதும் அதே வெடிப்புதான், சாட்டை நுனி ஒலியை முந்துவதால் வருவது. குழல் வாயில் மாட்டிய எந்தச் சைலன்சராலும் இதை அடக்க முடியாது. சத்தமே வேண்டாம் என்றால் தோட்டாவின் வேகத்தை ஒலிக்குக் கீழே, 320 மீட்டர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் தர்பூசணி இடிக்கிறது. கடைசியாக ‘வெடிக்கும் தோட்டா’வால் சுட்டதும் பழம் தூள்தூளாகச் சிதறுகிறது. தோட்டாவுக்குள் பாதரசம் என்கிறது படம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான திரவம், தானாக வெடிக்காது. பழத்தைச் சிதறடிப்பது வேகம். தர்பூசணி பெரும்பாலும் தண்ணீர், தண்ணீரை அமுக்க முடியாது. நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் நுழையும் ரைஃபிள் தோட்டா அந்தத் தண்ணீரை நாலாபக்கமும் தள்ளும்போது தோல் பிளந்துவிடும். அதே எடைத் தோட்டா 320 மீட்டரில் வந்தால் ஆற்றல் ஏழில் ஒரு பங்குதான். பழத்தில் பெரும்பாலும் ஓட்டை மட்டும் விழும். சத்தமும் கேட்கக்கூடாது, பழமும் சிதற வேண்டும் என்றால் நடக்காது.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். முடிவில் சப்மெஷின் கன் குண்டுகள் பட்டு அவன் சுவர்வரை தூக்கி எறியப்படுகிறான். ஏழரை கிராம் தோட்டா, நொடிக்கு 390 மீட்டர், 70 கிலோ ஆள்: கணக்குப் போட்டால் ஒரு தோட்டா அவனைத் தள்ளும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர். பத்து பட்டாலும் நடக்கும் வேகத்தில் பாதிகூட வராது.

ஆனால் அந்த முக்கியமான சூடு? ஜக்கால் விசையை அழுத்தும் நேரத்தில், பதக்கம் குத்திவிட்ட டி கோல் முன்னாள் வீரரின் கன்னத்தில் முத்தமிடக் குனிகிறார். தோட்டா தவறுகிறது. அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல் கணக்குப் பாருங்கள். மெதுவான தோட்டா 120 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகும். அதற்குள் அது முக்கால் மீட்டர் கீழே இறங்கிவிடும். அதை ஸ்கோப் திருகு ஈடுகட்டிவிடும். குனிகிற தலை நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், அதே நேரத்தில் 40 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இதற்குத் திருகு இல்லை. 850 மீட்டர் தோட்டா என்றால் 0.14 நொடி, 14 சென்டிமீட்டர். தலையை ஒட்டிப் போயிருக்கும்.

படத்தில் தோட்டா தரையில் பட்டுத் தெறிக்கிறது, கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத் தோட்டாவாக இருந்திருந்தால் அந்த ‘டப்’ தலைக்கு மேலே கேட்டிருக்கும்.