ஆசைப்படுபவர் யார்? 'டிசையரஸ்' சொல்லும் பதில்

டெண்டர் அறிவிப்புகளில் 'விண்ணப்பிக்க விரும்புவோர்' என்று நாம் எழுதும் இடத்தில், ஆங்கிலத்தில் 'டிசையரஸ்' வந்து உட்கார்ந்திருக்கும். டீக்கடையில் 'ஐ ஆம் டிசையரஸ் ஆஃப் டீ' என்று கேட்டால் கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். அவ்வளவு விறைப்பான சொல்.

இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. வேரில் இருப்பது 'சீதுஸ்', அதாவது விண்மீன் என்பது பரவலான ஊகம். வானத்தைப் பார்த்து ஏங்கியவர்கள் போலும்!

சொல்லின் சூட்சுமம் அதன் வாலில் இருக்கிறது. 'அஸ்' என்ற விகுதி இலத்தீன் 'ஓசுஸ்', 'நிறைந்த' என்று பொருள். எனவே 'டிசையரஸ்' என்றால் ஆசை நிறைந்தவர். 'ஏபிள்' விகுதிக்கோ 'தகுந்த' என்று பொருள்; 'டிசையரபிள்' என்றால் மற்றவர்கள் ஆசைப்படத் தக்கது. வேலைக்கு ஏங்குபவர் முதல் வகை, நிறுவனம் ஏங்கும் ஆள் இரண்டாம் வகை. வாலை மாற்றினால் ஆசையின் திசையே திரும்பிவிடும்.

அப்புறம், இந்தச் சொல் தனியாக நிற்காது. எதன்மேல் ஆசை என்று சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தியைச் சுமப்பதால், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போய்விடும்: 'பெர்சன்ஸ் டிசையரஸ் ஆஃப் அப்ளையிங்'. தமிழில் 'விண்ணப்பிக்க விரும்பும்' என்பது முழுக்க முன்னால் வரும். அதே பழக்கத்தில் 'டிசையரஸ் பெர்சன்ஸ்' என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு இடறும். 'ஆஃப்' வந்துவிட்டால் அடுத்த வினைக்கு 'இங்' கட்டாயம். 'ஆஃப் அப்ளை' தவறு.

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'டு', 'ஆஃப்' என இரண்டு அமைப்புகளும் உண்டு. இயேசுவைக் காண விரும்பிய ஏரோது 'டிசையரஸ் டு சீ ஹிம்'. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் வீண்புகழ்ச்சியை விரும்புவது 'டிசையரஸ் ஆஃப் வெயின் குளோரி'. இன்று 'ஆஃப்' தான் பெருவழக்கு.

சரி, பேச்சில் மங்கிய சொல் ஒப்பந்தங்களில் மட்டும் ஏன் வாழ்கிறது? ஒப்பந்த முகவுரை பெரும்பாலும் ஒரே நீண்ட வாக்கியம். 'இன்ன அரசும் இன்ன அரசும், நட்பை வளர்ப்பதில் டிசையரஸாக இருந்து' என்று நோக்கங்களைத் தொங்கவிட்டு, 'ஒப்புக்கொண்டன' என்ற முற்றுவினையைக் கடைசியில்தான் வைப்பார்கள். அதுவரை வாக்கியம் முடியாமல் பார்த்துக்கொள்வது 'பீயிங் டிசையரஸ்' செய்யும் வேலை. தமிழில் 'விரும்பி' என்ற ஒற்றை வினையெச்சம் அதைச் செய்துவிடும்.