டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆபரேஷனா? மும்பையில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

மும்பையில் டிரஸ்ட் பெயரில் நடக்கும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கையை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கியே ஆக வேண்டும். மகாராஷ்டிர பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ், பம்பாய் உயர் நீதிமன்றம் 2006-இல் வகுத்துக்கொடுத்த திட்டம் இது. குடும்ப ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் என்றால் இலவசம், 3,60,000 வரை சலுகை. சட்டம் இவ்வளவுதான், மீதியெல்லாம் கவுன்டரில் நடக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பைக் இடித்தோ மாடியிலிருந்து விழுந்தோ அடிபட்ட பிள்ளைக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீரே வராமல் வயிறு உப்பினாலோ சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது வயிற்றுப் பக்கமாக மேலே இருக்கும், நிறைந்திருக்கும் நேரத்தில் அடிபட்டால் சுலபமாக வெடிக்கும். இது அவசர கேஸ். அவசர கேஸைச் சேர்த்து உயிர் காக்கும் சிகிச்சை தர வேண்டும், ஏழை நோயாளியிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று அதே திட்டம் சொல்கிறது. ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "எவ்வளவு கட்டுவீங்க?" என்பதுதான்.

அந்தப் பதற்றத்தில் நீட்டுகிற தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அதில் ஒன்று, பணம் கட்டும் நோயாளியாகச் சேர்கிறேன் என்ற சம்மதமாக இருக்கும், அப்புறம் நாலாம் நாள் இலவசம் கேட்டால் "நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்று அந்தத் தாளையே காட்டுவார்கள். அதனால் பிள்ளை உள்ளே போனதும் வீட்டில் ஒருவர் சோஷியல் ஒர்க்கரைத் தேடிப் போய், ஏழை நோயாளிப் படுக்கை வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, ஜெராக்ஸில் சீல் வாங்கிவிடுங்கள். படுக்கை காலி இல்லை என்றால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்ன பிறகு படுக்கை கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த கண்ணி பேப்பர். தாசில்தார் வருமானச் சான்றிதழ் அல்லது ரேஷன் கார்டு கேட்பார்கள். நம் ஆட்கள் சிக்குவது பெயரில். தாராவியில் தோல் வேலை செய்யும் ஒரு அப்பாவுக்கு ரேஷன் கார்டில் 'முருகன் எஸ்', ஆதாரில் 'சுடலைமுத்து முருகன்', பிள்ளையின் பெயர் கார்டிலேயே இல்லை. இங்கே ஃபார்மில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், இனிஷியலோடு பிறந்தவன் அதில் என்ன எழுதுவான்? இரண்டு பேரும் வேறு ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போதே கார்டில் அவன் பெயரைச் சேர்த்து, வருமானச் சான்றிதழும் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு தாசில்தார் ஆபீஸுக்கு அலைவது நடக்கிற காரியமில்லை.

சரி, ஆபரேஷன். "இலவசம்னா வயிற்றைத் திறந்துதான், லேப்ராஸ்கோப்பி வேணும்னா தனியா கட்டணும்" என்பார்கள். திட்டம் அப்படிப் பிரிக்கவில்லை, எந்த முறை என்பது டாக்டர் முடிவு. ஆனால் லேப்ராஸ்கோப்பிதான், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்வதுதான் உசத்தி என்று நீங்களும் அடம் பிடிக்காதீர்கள். குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் மருந்தை நிரப்பி எடுக்கும் சிஸ்டோகிராம் படத்தில் கிழிசல் வயிற்றுக்குள் திறந்திருப்பது தெரிந்தால் தைக்க வேண்டும், பிள்ளையின் ரத்த அழுத்தம் நிலையாக இருந்து வேறு பெரிய காயமும் இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பியில் தைக்கலாம். அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தால் திறப்பதுதான் சரி. கிழிசல் வயிற்றறைக்கு வெளியே, கீழே என்றால் பெரும்பாலும் கொஞ்ச நாள் சிறுநீர்க் குழாய் போட்டாலே ஆறிவிடும். ஆபரேஷனே வேண்டாத பிள்ளைக்கு பாக்கேஜ் விலை பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய மித்ரா என்ற உதவி மேசை இருந்தால், மகாராஷ்டிர அரசின் இலவச மருத்துவக் காப்பீடான மகாத்மா ஜோதிபா புலே திட்டத்தையும் கேளுங்கள், உதவி எண் 155388. அதற்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டோ, மகாராஷ்டிரவாசி என்ற டொமிசைல் சான்றிதழோ வேண்டும், ஊரில் இருக்கும் தமிழ்நாட்டுக் கார்டு உதவாது.

யாரும் அசையவில்லை என்றால் வொர்லியில் அறக்கட்டளை ஆணையர் அலுவலகம் இருக்கிறது. சீல் வாங்கிய அந்த ஜெராக்ஸையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போங்கள், வெறும் கையோடு போனால் "புகார் எழுதிட்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.